அம்மாவின் கையைச் சுட்ட கீசரும், "அது வேற கம்பெனி சார்" என்ற பதிலும்

கோவையில் இருக்கிறோம். 2021 நவம்பரில் காந்திபுரத்தில் ஒரு கடையில் 15 லிட்டர் கீசர் வாங்கினேன், 9,400 ரூபாய். கடைக்காரர் நாலு மாடல் காட்டினார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஃபேனிலும் மிக்ஸியிலும் இருக்கிற பெயர் அதில் ஒன்றின் முகப்பில் பெரிதாக இருந்தது. வேறு எதையும் பார்க்காமல் அதையே எடுத்தேன்.

2023 ஜனவரியில் ஒரு காலை. அம்மா பக்கெட்டில் வெந்நீர் பிடிக்கக் குழாயைத் திறந்தார். ஆவியும் கொதிநீருமாகச் சீறி அடித்தது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது, தொடையிலும் ஒரு பகுதி. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். 68,000 ரூபாய் செலவானது. அந்தக் கையால் இன்றைக்கும் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை.

கீசரில் தண்ணீர் போதுமான அளவு சூடானதும் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்த வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் கட்-அவுட் நிறுத்த வேண்டும். அதுவும் விட்டுவிட்டால் உள்ளே ஏறும் அழுத்தத்தைப் பிரஷர் வால்வு வெளியேற்ற வேண்டும். மறுநாள் வந்த கம்பெனி மெக்கானிக் கழற்றிப் பார்த்து, "அண்ணா, தெர்மோஸ்டாட் ஒட்டிப்போச்சுங்க, கட்-அவுட்டும் விழலைங்க. இந்த மாடல்ல எனக்கே இது நாலாவதுங்க" என்றார். நல்ல பையன், உண்மையைச் சொன்னார். ஆனால் ஜாப் கார்டில், அதாவது பழுது விவரச் சீட்டில், எழுதியது "உப்புத் தண்ணீர் படிவு". எங்கள் தெருவுக்கு வருவது உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர்.

அன்றைக்கு நான் செய்த தவறை யாரும் செய்யாதீர்கள். "டெஸ்டுக்கு அனுப்பணும்" என்று கேட்டதும் தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. அவை திரும்பி வரவே இல்லை. நுகர்வோர் ஆணையம் குறையுள்ள பொருளைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. அனுப்ப என்னிடம் பாதிதான் மிச்சம்: டேங்கும் வால்வும்.

ஒரு வாரம் கழித்துப் புதுக் கீசரோடு ஆள் வந்தார், கூடவே ஒரு தாள். புதுக் கீசர் பெற்றுக்கொண்டதால் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. நல்லவேளை, என் மனைவி அதை முழுக்கப் படித்தாள். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினோம்.

பிறகுதான் உண்மையான அலைச்சல். கஸ்டமர் கேரில், "அது எங்க குரூப்ல வேற கம்பெனி சார், அவங்களுக்கு எழுதுங்க" என்றார்கள். அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் எறும்பு எழுத்தில் தயாரிப்பாளர் என்று நான் கேள்விப்படாத ஒரு பெயர், வடக்கே ஒரு தொழிற்பேட்டை முகவரி. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கும் சிஎம்/எல் எண்ணை, அதாவது உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டேன், அங்கும் அதே பெயர்தான். முகப்பில் பெயர் போட்டிருந்த தாய்க் கம்பெனியின் ஆண்டறிக்கையில் துணை நிறுவனங்களைப் பட்டியலிடும் ஏஓசி-1 படிவத்தில் அது இருந்தது.

சரி, செய்தவன்தானே பொறுப்பு என்று துணை நிறுவனத்தின் மேல் மட்டும் வழக்குப் போட்டேன். நோட்டீஸ் "முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்தது. ஃபேக்டரியை வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டார்களாம். தாய்க் கம்பெனிக்கு எழுதினால், அது தனிச் சட்ட ஆளுமை கொண்ட நிறுவனம், பங்கு வைத்திருப்பதாலேயே பொறுப்பு எங்களுக்கு வராது என்று வக்கீல் பதில். கடைக்காரரோ, "நாங்க விக்கிறவங்க மட்டும்தாங்க" என்றார். எட்டு மாதம் இப்படியே போனது.

இரண்டாவதாகப் பார்த்த வக்கீல் அம்மாதான் எனக்குப் புரியவைத்தார். பங்கு விஷயத்தில் அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஒரு கம்பெனி வேறு, அதன் சொந்தக்காரர் வேறு என்று 1896-லேயே லண்டனில் சாலமன் வழக்கில் தீர்ப்பானது, இங்கும் அதுதான் விதி. அந்தச் சுவரை முட்டி உடைக்க நம்மைப் போன்றவர்களால் முடியாது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(36)-ஐப் படியுங்கள் என்றார். பொருளைச் செய்தவர் மட்டுமல்ல, வேறொருவர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போடுகிறவரும் அந்தச் சட்டத்துக்கு 'தயாரிப்பாளர்'தான். தாய்க் கம்பெனி பங்குதாரராக அல்ல, தன் பெயரை அந்தக் கீசரின் முகப்பில் ஒட்டியவராக வந்து பதில் சொல்ல வேண்டும் என்பதே இப்போது எங்கள் வாதம். தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ விற்றவரே பொறுப்பு என்று பிரிவு 86 சொல்கிறது. அதனால் கடையும் எதிர்த்தரப்பில் சேர்ந்தது.

இதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் முதல் மனுவிலேயே மூன்று பேரையும் சேர்த்திருப்பேன். வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் காலவரம்பு. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டும் நேரத்தில் அதுதான் கரைகிறது. சொந்த ஊர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கட்டணம் பொருளின் விலையைப் பார்த்துத்தான், கேட்கும் நஷ்டஈட்டைப் பார்த்து அல்ல. ஐந்து லட்சம் வரை விலை என்றால் கட்டணமே கிடையாது. அவர்கள் ஊருக்குப் போய்ப் போட வேண்டுமோ என்று பயந்தே நான் மூன்று மாதம் வீணாக்கினேன்.

பெரிய இடத்திலும் இதே இழுவைதான். ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிப்யூ செய்த ஏஎஸ்ஆர் செயற்கை இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அதைப் பொருத்தியிருந்தார்கள். பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று மத்திய அரசு நஷ்டஈட்டுக் கணக்கை ஏற்றது 2018 நவம்பரில். எட்டு ஆண்டுகள் நடக்க முடியாமல் காத்திருந்தவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

எங்கள் வழக்கில் தாய்க் கம்பெனி பதில் மனு போட்டிருக்கிறது. அதிலும் அதே "தனி நிறுவனம்", அதே "உப்புத் தண்ணீர்". மாநகராட்சியின் குடிநீர் வரி ரசீதையும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் இணைத்திருக்கிறோம். அந்த மெக்கானிக் வேலையை விட்டுப் போய்விட்டார் என்கிறார்கள்.

2021-22 வாக்கில் வாங்கிய 15 லிட்டர் கீசரில் தெர்மோஸ்டாட் ஒட்டிப்போய் மாற்றியவர்கள் இருந்தால், பில்லையும் ஜாப் கார்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். ஒரு வீட்டுத் தண்ணீரைக் குறை சொல்லலாம், நாலு ஊர்த் தண்ணீரையும் சொல்ல முடியாது. கழற்றிய பாகத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.