பழைய கடனுக்குத் திடீர் போன்: கொஞ்சம் கட்டுவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா, எழுதிக் கேட்பதா?

வேலை போன வருஷத்தில் கட்டாமல் நின்றுபோன கிரெடிட் கார்டு பாக்கி. அப்பா கையெழுத்துப் போட்ட புரோநோட்டு. நண்பனுக்காக ஜாமீன் நின்ற பர்சனல் லோன். எல்லாம் முடிந்துபோன கதை என்று நினைத்திருக்கும்போது ஒரு நாள் போன் வரும். "சார், உங்க பேர்ல 38,000 பாக்கி. இன்னிக்கு வட்டியோட 1,92,000 ஆயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள ஒரு 5,000 போட்டீங்கன்னா கேஸ் போகாம நான் பாத்துக்கறேன் சார்."

அண்ணா சாலை ஆபீஸ் ஒன்றின் மாடிப்படியில் நின்று இதைக் கேட்பவருக்கு மானம்தான் முதலில் பதறும். பக்கத்து சீட்டுக்காரர் காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே பலர் அந்த 5,000-ஐ ஜிபே செய்துவிடுகிறார்கள். இன்னும் பலர் நம்பரை பிளாக் செய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், கொஞ்சம் கட்டி வாயை அடைப்பதுதான் மோசம் என்பேன். இரண்டையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளும் ஸ்பீட் போஸ்ட் செலவும் போதும்.

கொஞ்சம் கட்டுவதா, பேசாமல் இருப்பதா?

1963-ஆம் ஆண்டு லிமிடேஷன் (காலவரம்பு) சட்டப்படி, கைக்கடன், கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் மாதிரி அடமானம் இல்லாத கடனுக்கு, பணம் கொடுத்தவர் 3 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். கெடு தாண்டி வந்தால், எதிர்த்தரப்பு அதைச் சொல்ல மறந்தாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது அதன் 3-வது பிரிவு. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே கெடு 12 ஆண்டு.

கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் செய்யும் இரண்டு காரியங்கள் கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடவைக்கும். ஒன்று, "இந்தக் கடன் பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது (18-வது பிரிவு). மற்றது, ஒரு பகுதியைக் கட்டி, கட்டியதற்கு உங்கள் கையெழுத்தில் சான்று கொடுப்பது (19-வது பிரிவு). கெடு முடிந்த பிறகு வெறுமனே ஒரு தொகை கட்டினால் செத்த வழக்கு தானாக உயிர்பெறாது. ஆனால் "கட்டிவிடுகிறேன்" என்று எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவுப்படி அது புது ஒப்பந்தமாகிவிடும். போனில் 5,000 கேட்டவரே அடுத்த நாள் ஒரு ஃபாரத்தை அனுப்பி, "சும்மா ஃபார்மாலிட்டிக்கு, சைன் பண்ணி போட்டோ அனுப்புங்க சார்" என்று சொல்வதன் உள்விஷயம் இதுதான். "அடுத்த மாசம் கட்டிடறேன்" என்று நீங்கள் தட்டிவிட்ட வாட்ஸ்அப் செய்தியைக்கூட நாளைக்கு ஒப்புதலாகக் காட்டப் பார்ப்பார்கள்.

உங்கள் கடன் கெடுவுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது போன் வந்த நிமிஷத்தில் யாருக்கும் தெரியாது. கொரோனா காலம் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்கியிருக்கிறது. 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜூன் மாதத்தில் கட்டத் தவறிய கடன் 2021 ஜூனில் கெடு முடிந்திருக்க வேண்டியது, 2023 ஜூன் வாக்கில்தான் முடிந்தது. கல்விக் கடனில் படிப்பு முடிந்து தவணை தொடங்கிய பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கும். அதனால் தேதி தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், ஒரு வரிகூட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் பேசாமல் இருப்பதே மேல் என்று தோன்றும். போன் அழைப்பைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் சிட்டி சிவில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிட்டால் மௌனம் உங்களைக் கவிழ்த்துவிடும். வாய்தாவுக்குப் போகாவிட்டால் எக்ஸ்பார்டி தீர்ப்பு, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு. 3 ஆண்டில் சாக வேண்டிய கடனுக்கு 12 ஆண்டு நிறைவேற்றும் உரிமை கிடைத்துவிடும், அதைக் கொண்டு சம்பளத்தில் கைவைக்கலாம், வங்கிக் கணக்கை முடக்கலாம். எக்ஸ்பார்டி தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள்தான். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் சென்னைவாசிகளுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. சம்மன் பழைய விலாசத்துக்குப் போய்விடும். பழைய கடன் ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பெயரைக் கோர்ட் வழக்குகளைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒரு முறை தேடிவிடுங்கள். இலவசம்தான்.

எழுதிக் கேட்பது

வில்லிவாக்கத்தில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர். கணவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் எப்போதோ வாங்கிய பர்சனல் லோனுக்காக வசூல்காரர்கள் வீட்டுக்கு வந்து, "அம்மா, சார் இல்லேன்னா நீங்கதான் கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபேமிலி பென்ஷனில் மாதம் 2,000 கட்டிவிடலாம் என்று அவர் தயாராகிவிட்டார். மகனை உட்கார வைத்து எழுதச் சொன்ன கடிதத்தில் மொத்தம் நாலே விஷயம்: இந்தக் கோரிக்கையை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, கடன் ஒப்பந்த நகல், முழு ஸ்டேட்மென்ட், கடைசித் தவணை கட்டிய தேதி இவற்றை அனுப்பவும், கடன் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தால் அந்த ஆவணத்தின் நகலை அனுப்பவும், இனி எல்லாம் எழுத்தில் மட்டும். "என் கணவரின் கடன்" என்றுகூட எழுதவில்லை. "நீங்கள் குறிப்பிடும் கடன்" என்றுதான் எழுதினார்கள்.

அந்த அம்மா போன்றவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்தவர் விட்டுப்போன சொத்து வாரிசு கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் கடன் பொறுப்பும். சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அப்பன் கடனை அடைப்பது பிள்ளையின் புண்ணியக் கடமை என்று சொல்லி மகன் மேல் வழக்குப் போடும் பழைய இந்துச் சட்ட வழியையும், அதன் பிறகு வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை, 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நிலைமை வேறு. அவரிடம் வங்கி நேராகவே முழுத்தொகையும் கேட்கலாம்.

எழுதிக் கேட்பதில் இன்னொரு லாபம், போலிகள் கழன்றுகொள்வார்கள். வக்கீல் படம் போட்ட லெட்டர்ஹெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, போலீஸ் வரும் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பழைய கடன்காரர் பட்டியலை வைத்துக்கொண்டே வேலை செய்கின்றன. நகல் கேட்டால் அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

உண்மையான ஏஜென்ட்டுக்கும் வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூல் அழைப்பு கூடாது, உறவினரிடமும் நண்பர்களிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). இதற்காக ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி வாசலில் போய் நிற்க வேண்டாம். ஆன்லைனில் போடலாம், தபாலில் அனுப்புவதானால் சண்டிகர் மையத்துக்குப் போக வேண்டும்.

செட்டில்மென்ட்டா, முழுசா, லோக் அதாலத்தா?

பேப்பர் வந்தது, கடன் உண்மை, கெடுவும் முடியவில்லை. இனி பேரம்தான். வழக்கமாக நீட்டப்படுவது ஒன்-டைம் செட்டில்மென்ட்: 1,92,000-க்கு 60,000 கொடுங்கள், முடித்துக்கொள்ளலாம். மலிவாகத் தெரியும். ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு "செட்டில்டு" என்று பதிவாகும், "குளோஸ்டு" என்று ஆகாது. அந்தப் பதிவு பல வருஷம் நிற்கும். வயது 32, இன்னும் இரண்டு வருஷத்தில் தாம்பரம் பக்கம் ஃபிளாட் வாங்கும் எண்ணம் என்றால், வட்டி, அபராதத்தை மட்டும் தள்ளுபடி செய்யச் சொல்லி அசலை முழுசாகக் கட்டி, "குளோஸ்டு" என்று பதிவு செய்வதாக எழுத்தில் வாங்குவதே நல்லது. வயது 60, இனி கடன் வாங்கப் போவதில்லை என்றால் செட்டில்மென்ட்டே போதும், கூடுதல் பணத்தை மருத்துவச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதுவானாலும் கடிதம் முதலில், பணம் பிறகு. கடிதத்தில் கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, கடைசித் தேதி, இத்துடன் கடன் முழுவதும் தீர்ந்தது என்ற வரி, எல்லாம் இருக்க வேண்டும். பணம் கடன் கணக்குக்கே போக வேண்டும், ஏஜென்ட்டின் ஜிபே நம்பருக்கு அல்ல. பிறகு நோ டியூஸ் சான்றிதழ், பிறகு சிபில் சரிபார்ப்பு. ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் திருத்த வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

லோக் அதாலத்தை (மக்கள் நீதிமன்றம்) பலர் கடைசி வழியாக நினைக்கிறார்கள். எனக்கு அது பிடித்த வழி. வழக்குப் போடும் முன்பே அங்கே கொண்டுபோகலாம், கட்டணம் இல்லை, தீர்வுக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, அப்பீல் கிடையாது. ஏஜென்ட்டின் வாய்வார்த்தைக்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவு. அப்பீல் இல்லை என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். மாதம் 4,000 என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டு மூன்றாம் மாதம் நின்றால் நேராக நிறைவேற்று மனு வரும். கெடு முடிந்து டைம் பார் ஆன கடனை அங்கே கொண்டுபோய் நீங்களே உயிர்ப்பித்துக்கொள்ளவும் வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

தெரிந்தவரிடம் வாங்கிய புரோநோட்டு கடன்

இது வங்கிக் கடனிலிருந்து முற்றிலும் வேறு. பாரிமுனையில் விற்கும் அச்சடித்த ஃபாரம், ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் குறுக்கே கையெழுத்து. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்குத் தேதியிட்ட நாளிலிருந்தே 3 ஆண்டு ஓடும். விவரம் தெரிந்தவர்கள் கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது வீட்டுக்கு வருவார்கள். "ஒரு நூறு ரூபா குடுப்பா, பின்னாடி வரவு எழுதிக்கலாம்." நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு "ரூ. 100 வரவு" என்று எழுதி உங்கள் கையெழுத்து. அந்த நூறு ரூபாய் இன்னொரு 3 ஆண்டு வாங்கிக்கொடுக்கும். யாராவது பழைய நோட்டை நீட்டினால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைக் கவனமாகப் பாருங்கள், இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்து இல்லாத வரவுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

நோட்டு கந்துவட்டிக்காரரிடம் இருந்தால் பேரம் பேசவே போகாதீர்கள். 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுங்கள். மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாம் அதில் வரும், 3 ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் சட்டமன்றம் தனியாக ஒரு மசோதாவும் நிறைவேற்றியது. முன்பு கொடுத்த வெற்றுக் காசோலை அவரிடம் இருக்கிறதென்றால் புகாரில் காசோலை எண்ணோடு எழுதுங்கள். அது வங்கியில் திரும்பி உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போயாக வேண்டும்.

ஆனால் நோட்டு, உங்கள் மகள் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தபோது வளையலைக் கழற்றி அடகு வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்காவிடம் இருந்தால்? கெடு முடிந்திருக்கலாம். அவரால் கோர்ட்டுக்குப் போக முடியாமலும் இருக்கலாம். லிமிடேஷன் சட்டம் தடுப்பது வழக்கைத்தான், கடன் அழிந்துபோவதில்லை. அக்காவிடம் அந்தச் சட்டத்தைப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. "அக்கா, மொத்தமா முடியாது, மாசம் மூவாயிரம் தரேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள், வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். கடைசித் தவணை அன்று நோட்டைக் கையில் வாங்கி, "முழுவதும் பைசல்" என்று அவர் கையால் எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நோட்டு எங்கேயோ தொலைந்துவிட்டது என்று சொன்னால், அதையும் குறிப்பிட்டு, இனி அது எங்கிருந்து வந்தாலும் செல்லாது என்று ரசீது எழுதி, அவர் வீட்டு ஆள் ஒருவரையும் உங்கள் வீட்டு ஆள் ஒருவரையும் சாட்சி போடச் சொல்லுங்கள்.