பழைய சாயத்தை எடுக்க எது நல்லது: சூடா, ரிமூவரா, உப்புத்தாளா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பலகை வீடுகளில் நிலைக்கதவின் ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சீவினால் நீலம், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் தவிட்டு நிறம் என்று அடுக்கடுக்காகத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி பழையதன் மேலேயே பூசியதால் வந்த தடிப்பு அது. மழைக்காலத்தில் பலகை ஊதும்போது அந்தக் கதவு சட்டத்தில் இடிக்கும். அதன் மேல் இன்னொரு கோட் அடித்தால் கீழே இருப்பதோடு சேர்ந்து உரிந்து வரும்.

என்ன சாயம் என்று முதலில் பார்க்க வேண்டும். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தேய்த்தால், தண்ணீர்ச் சாயமான எமல்ஷன் இளகித் துணியில் ஒட்டும்; எண்ணெய்ச் சாயமான எனாமல் அசையாது.

எனாமலுக்கு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்தான் எங்கள் முதல் தேர்வு. 450 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, மரத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெல்ல நகர்த்த வேண்டும். முதலில் பளபளப்பு மங்கும். பிறகு காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோலச் சுருங்கும், உடனே கொப்புளிக்கும். சுரண்டியை மர ரேகையோடு தள்ள அதுதான் நேரம். நாலைந்து அடுக்கும் ஒரே பட்டையாக எழும்பி வரும். புகை வந்தால் சூடு அதிகம், மரம் கருகும். 600 டிகிரி பக்கம் போனால் பழைய சாயத்திலுள்ள ஈயம் ஆவியாகிவிடும். கண்ணாடி ஜன்னல் ஓரத்தில் இதைக் காட்டக்கூடாது, கண்ணாடி விரிசல் விடும். எமல்ஷனில் காட்டினால் சூயிங்கம் மாதிரி இழுபடும், சுரண்ட வராது.

2000 வாட் ஹீட் கன் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் உள்ளே சூடாகி உருகும். முழுதும் பிரித்துப் போடுங்கள். பலகை இடுக்கில் தூசியும் குளவிக்கூடும் இருந்தால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு.

பூவேலை செய்த பூஜையறைக் கதவுக்கு, சாயத்தை இளக்கும் ரசாயனமான ரிமூவர். தடிப்பாக, ஒரே திசையில் பூச வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் ரிமூவரின் மேலுள்ள மெழுகுப் படலம் கிழிந்து அது காய்ந்துவிடும். நிழலில் வைத்துப் பிளாஸ்டிக் தாளால் மூடி 20 நிமிடம் விடுங்கள். டைக்ளோரோமீத்தேன் என்ற ரசாயனம் கலந்த ரிமூவர் டின் வேகமாக வேலை செய்யும், ஆனால் 40 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம் அது. நம் ஊர் வெயிலில் டின்னைத் திறந்தால் பீறிடும். ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது, ரப்பர் கையுறையும் தாங்காது. அது இல்லாத ரிமூவரை வாங்கிக் கூடுதலாகக் காத்திருப்பதே மேல். சாயம் வந்தபின் மரத்தைத் தின்னரால் துடைக்காவிட்டால் மெழுகு தங்கி, புதுச் சாயம் ஒட்டாது.

இன்னும் மலிவாக வேண்டும் என்று கதவைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மெர்பாவ் மரம் கறுத்துப்போகும், பசை வைத்த மூட்டுகள் விட்டுப்போகும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிறம் திரும்பாது.

உப்புத்தாளால் தொடங்குவது நாம் பலரும் செய்கிற தவறு. எனாமல் உராய்வில் சூடாகி இளகித் தாளை அடைத்துவிடும். பத்துத் தாள் போயும் பச்சை நிறம் அப்படியே இருக்கும். அதைவிட மோசம் தூசி. அடி அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகவே ஆகாது. சாயம் எல்லாம் வந்தபிறகு 80, 120, 180 நம்பர் தாள் என்று ஏறுவரிசையில் மரத்தை நைசாக்க மட்டும் எடுங்கள். எங்காவது சாயம் ஒட்டியிருந்தால் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள்.

சாயம் போனபின் விரலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் கரையான் உள்ளே தின்றிருக்கிறது, பலகையை மாற்றத்தான் வேண்டும். நல்ல பலகையை நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, அடிப்பூச்சான பிரைமர் அடியுங்கள்.

சுரண்டிய சிராய்களைத் தார்ப்பாயில் பிடித்துப் பையில் கட்டிப் போடுங்கள். சருகோடு சேர்த்து எரித்தால் ஈயம் புகையாகும்; ஜன்னலுக்குக் கீழே கீரைப்பாத்தி இருந்தால் வேலைக்கு முன்பே அதை மூடிவிடுங்கள்.