ராமேஸ்வரமா, மண்டபமா, கீழக்கரையா? கடலோரத்தில் ஒரு மாதம் தங்கி வேலை செய்ய எது தோது

ராமநாதபுரம் கரையில் ஓவியர்களையும் ஆய்வாளர்களையும் ஒரு மாதம் தங்கவைத்து ரெசிடென்சி நடத்தலாம் என்று யார் பேச்செடுத்தாலும் முதலில் வருவது ராமேஸ்வரத்தின் பெயர்தான். ரயில் இருக்கிறது, அறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அறைகள் ஓரிரு இரவு தங்கிப் போகிறவர்களுக்காகக் கட்டியவை. மேசை இருக்காது, வெளிச்சம் போதாது, விடியுமுன்பே தீர்த்தமாடக் கிளம்புகிறவர்களின் சத்தம் தொடங்கிவிடும். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் வாடகை எகிறும். மாத வாடகை பேசும்போதே இந்த நாட்களையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நடுமாதத்தில் பெட்டியைக் கட்டச் சொல்லலாம். கோயில் பிரகாரத்தை வரைய வருபவர்களும் கவனிக்க வேண்டும்: உள்ளே செல்போனுக்கும் கேமராவுக்கும் அனுமதியில்லை.

தனுஷ்கோடி வேறு கதை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளும் அரிச்சல்முனையும் படக்கலைஞர்களைச் சுண்டி இழுக்கும். ஆனால் பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். இரவுத் தங்கல் கிடையாது. பகல் நேரப் படப்பிடிப்புக்கு மட்டும் கணக்கில் வைத்தால் போதும்.

இந்தக் கரையில் இடத்தைவிட முக்கியம் காற்று. கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும். வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் அப்போது ஓரளவு அடங்கியிருக்கும். வாடை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். ஒரே கரையில் அறை எடுத்தவர் பாதிப் பருவம் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மண்டபம் இங்கேதான் முந்துகிறது. நிலம் நாக்குபோல் ஒடுங்கி நீளும் இடம் என்பதால் வடகடலிலிருந்து தென்கடலுக்கு நடந்தே போய்விடலாம். ஒலிப்பதிவு செய்பவருக்கும் கடலை வரைபவருக்கும் இதைவிட வசதி வேறில்லை. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் நெடுநாள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. 1971-இல் அது கொச்சிக்குப் போன பிறகும் மண்டல மையம் இங்கே இயங்குகிறது. கடல்சார் ஆய்வாளர் கிளம்புமுன்பே தன் நிறுவனத்தின் கடிதத்தோடு நூலக அனுமதிக்கு எழுதிவிட வேண்டும். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்களும் பக்கம்தான். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் பிரித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டால் தாவரவியல் பெயர்களோடு பொருத்திப் பார்க்க எளிது. அவர்கள் கடலுக்குப் போகாத நாளில் பேசப் போங்கள். போகும் நாளில் நின்று பேச நேரமிருக்காது.

குறை என்னவென்றால் மண்டபத்தில் நல்ல வாடகை வீடு குறைவு, நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் கேன் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர்கலர் வேலைக்கும் அதையே பயன்படுத்துங்கள். உவர் நீரில் கரைத்த சாயம் காய்ந்ததும் தாளில் உப்புப் பூக்கும்.

கீழக்கரைக்குப் போட்டியே இல்லாத ஒரு துறை உண்டு: அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வாழ்ந்து எழுதிய ஊர் இது. வள்ளல் சீதக்காதியின் ஊர். கருங்கல் தூண்களோடு நிற்கும் பழைய ஜும்மா பள்ளி ஒன்றே கட்டடக்கலை மாணவருக்கு ஒரு வாரத்துக்குக் காணும். ஆனால் பழைய ஏடுகளும் அச்சுப் பிரதிகளும் பல வீட்டு அலமாரிகளில் இருப்பவை. ஜமாஅத் பெரியவர் ஒருவரின் அறிமுகம் இல்லாமல் கதவு திறக்காது. அதற்கே முதல் வாரம் கழியும் என்று திட்டமிடுவது நல்லது. ஆண்கள் பலர் வெளிநாட்டில் இருப்பதால் வீட்டுக்குள் பேசும் ஆய்வைப் பெண் ஆய்வாளரே நன்றாகச் செய்ய முடியும். ரமலானில் பகல் சாப்பாட்டை நீங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளி நண்பகலில் எந்தச் சந்திப்பும் வைக்காதீர்கள்.

தொண்டியையும் சொல்லிவிடலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்கே இருக்கிறது, காரங்காட்டு அலையாத்திக் காடும் எட்டும் தூரம். அமைதியாக ஆய்வேடு எழுதி முடிக்க ஏற்ற ஊர். பலர் கூடிப் பழகும் ரெசிடென்சிக்கு மிகவும் ஒதுங்கிய இடம்.

எந்த ஊர் என்றாலும் சில தொல்லைகள் பொது. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி சில வாரங்களிலேயே துருவைக் கசியவிட்டு கான்வாஸில் கறை பிடிக்கவைக்கும். செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணி கொண்டுவாருங்கள். ஈரத்தில் கான்வாஸ் தளரும், எண்ணெய் வண்ணம் காய மறுக்கும். கையில் நான்கு வாரம்தான் என்றால் அக்ரிலிக்தான் சரி. லென்ஸில் பூஞ்சை வராமலிருக்க, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அது நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

சட்டச் சிக்கல்தான் பலரைக் கவிழ்ப்பது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது. அதற்கு வந்த பிறகு விண்ணப்பித்தால் மாதம் முடிந்துவிடும். கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை எடுத்துச் சிற்பத்தில் பதிப்பதும் குற்றம். கடல் அட்டையும் கடல் குதிரையும் அப்படியே. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம்.

பல துறையினர் சேர்ந்த ஆறு பேர் என்றால் எங்கள் தேர்வு மண்டபம். மாசி, பங்குனியில் இரண்டு கடலும் ஓரளவு அடங்கியிருக்கும்போது வைத்துக்கொள்ளலாம். ஏடு பார்ப்பவர் மட்டும் கீழக்கரையில் தனி அறை எடுக்கட்டும். விசைப்படகுத் தொழிலைப் பதிவு செய்ய வேண்டுமானால் ஏப்ரல் 15-க்குள் முடித்துவிடுங்கள். அன்று தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். படகு பழுதுபார்ப்பையும் வலை பின்னுவதையும் வரைய வருபவர் அந்தத் தடைக்காலத்திலேயே வரட்டும்.