நித்தியத்தை அச்சிடும் எட்டு முத்திரைகள்

மும்பை காலா கோடாவை ஒட்டிய கைவினைப் பொருள் கடை ஒன்றில் விற்கப்படும், பண்டைய எகிப்தின் நித்தியச் சின்னங்கள் அடங்கிய ரப்பர் முத்திரைப் பெட்டியை, மாட்டுங்காவில் நடந்த எங்கள் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்து அட்டைகள் செய்வதற்காக 850 ரூபாய்க்கு வாங்கினேன். மரப்பிடி போட்ட எட்டு முத்திரைகளும், ஒரு மைப்பெட்டியும், ஒரு விளக்கத்தாளும் அதில் உள்ளன.

பெட்டியில் மிகச் சிறந்தது ஷென் வளையம். முடிவற்ற வட்டம் என்று மட்டும் இதை அறிந்தவர்கள், அது உண்மையில் ஒரு கயிற்று வளையம் என்பதைக் கவனிப்பதில்லை. இந்த முத்திரையிலோ கயிற்றின் புரியும், அடியில் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிய இடமும் தனித்தனியே தெரிகின்றன. எகிப்திய ஓவியங்களில் அரசனின் தலைக்கு மேல் சிறகு விரித்திருக்கும் வல்லூறு கால்நகங்களில் பற்றியிருப்பது இந்த வளையத்தைத்தான். இதையே நீட்டி, உள்ளே அரசனின் பெயரைப் பொறித்தால் கார்ட்டூஷ் ஆகிறது. அந்த முத்திரையின் உட்புறத்தை வெறுமையாக விட்டிருப்பதால், பெரியப்பா பெரியம்மா பெயர்களைத் தமிழிலேயே எழுத முடிந்தது.

ஹெஹ் கடவுளின் முத்திரை அந்த அளவுக்குத் தேறவில்லை. மண்டியிட்டு இரு கைகளிலும் ஈச்ச மட்டைகளை ஏந்திய இவ்வுருவம் எகிப்திய எழுத்தில் பத்து லட்சத்தைக் குறிக்கும். மட்டையில் உள்ள வெட்டுகள் ஆண்டுகளைக் குறிப்பவை. எகிப்திய அரசன் துத்தன்காமுனின் கல்லறையில் கிடைத்த தேவதாரு நாற்காலியின் சாய்மானத்தில் இக்கடவுளே அமர்ந்திருக்கிறார். முத்திரை செய்தவர் மட்டைகளை வழவழவென்று விட்டுவிட்டதால், அரசனுக்குப் பல்லாண்டு பாடும் சின்னத்தில் ஆண்டுகளே காணாமல் போய்விட்டன.

விளக்கத்தாளின் குறை இன்னும் பெரிது. நெஹெ, ஜெட் என்ற இரு எகிப்தியச் சொற்களுக்கும் ‘நித்தியம்’ என்று ஒரே பொருளை எழுதி முடித்துவிட்டார்கள். சூரியன் நாள்தோறும் எழுவதைப் போல மீண்டும் மீண்டும் வரும் காலம் நெஹெ. இறந்தோரின் கடவுளான ஒசிரிஸுடன் சேர்த்து எண்ணப்பட்ட, மாறாது நிலைத்து நிற்கும் காலம் ஜெட். முத்திரைகளை உற்றுப் பார்த்தாலே இந்த வேறுபாடு புலப்படும்: குத்துவிளக்குக்குத் திரித்த பஞ்சைப் போன்ற இரண்டு திரிகளுக்கு நடுவே சூரிய வட்டம் இருப்பது நெஹெ, நாகமும் கீழே நிலத்தைக் குறிக்கும் பட்டையும் இருப்பது ஜெட். வாலைக் கவ்விய பாம்பைப் பிரமிடுக் காலத்துச் சின்னம் என்று அத்தாள் கூறுவதும் பிழை. நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழைய வடிவம் துத்தன்காமுனின் பொன்தகடு போர்த்திய பேழை ஒன்றில் உள்ளது. அது கிசாவின் பெரிய பிரமிடுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது.

உயிரைக் குறிக்கும் ஆங்க், சாணவண்டு ஆகிய முத்திரைகளில் குறை சொல்ல ஏதுமில்லை.

உடன் தரும் மை நீர்த்திருப்பதால் ஷென்னின் புரிகளுக்குள் இறங்கிக் கறையாகிவிடுகிறது. கெட்டியான மையைத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது. விளக்கத்தாளைத் திருத்தி அச்சிடும்வரை 850 ரூபாய் சற்று அதிகம்தான் என்றாலும், ஷென்னையும் கார்ட்டூஷையும் மட்டும் தனியாக விற்றால் இன்னொரு முறை வாங்குவேன்.