ஆன்டிகுவாவில் ஸ்பானிஷ் படிப்பு: சில மாத அனுபவம்

குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவுக்கு ஸ்பானிஷ் படிக்கப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம் என்பேன். ஆனால் உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கிப் படியுங்கள்.

இங்குள்ள பள்ளிகளின் பெரிய பலம், ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்ற முறை. திங்கள் முதல் வெள்ளி வரை, பெரும்பாலும் காலையில் நான்கு மணி நேரம், எதிரெதிரே உட்கார்ந்து பேச்சுதான். பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லட்டும் என்று நழுவ வழியே இல்லை. கட்டணம் வாரக் கணக்கு என்பதால், ஆசிரியர் ஒத்துவராவிட்டால் அடுத்த வாரம் வேறொருவரைக் கேட்கலாம். தயங்காமல் கேளுங்கள். எனக்கு முதலில் வந்தவர் இலக்கண அட்டவணையைத் தாண்டவே இல்லை. அடுத்தவர் சந்தைக்குக் கூட்டிப்போய் என்னையே விலை பேசச் சொன்னார். வாய் திறந்தது அதன்பிறகுதான்.

தமிழர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. நம் மொழியைப் போலவே ஸ்பானிஷிலும் வினையின் விகுதியே நானா, நீயா, அவர்களா என்று காட்டிவிடுகிறது. 'மே குஸ்தா' அமைப்பும் நம் 'எனக்குப் பிடிக்கும்' போலத்தான். அதனால் ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழிலிருந்தே யோசியுங்கள். விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் 'சப்ஜங்டிவ்' வினைவடிவம் மட்டும் மாதக்கணக்கில் படுத்தும். அப்புறம், 'நீ' என்பதற்குப் பாடநூல்களில் 'தூ' இருக்கும். இங்கே நண்பர்களுக்குள் 'வோஸ்' சகஜம். அதையும் சேர்த்துச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

ஊர் அழகுக்குக் குறைவில்லை. 1773 நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரம் இங்கிருந்து மாற்றப்பட்டது. இடிந்த தேவாலயங்களும் மடங்களும் இன்றும் அப்படியே நிற்கின்றன. 1979 முதல் இது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். தூரத்தில் ஃபுவேகோ எரிமலை புகைந்துகொண்டிருக்கும். இதையெல்லாம் பார்க்க உலகமே வருவதால் கஃபேயில் ஸ்பானிஷில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. மொழி படிக்க வந்தவருக்கு இது உண்மையிலேயே பெரிய இடைஞ்சல். வீட்டில் தங்கச் சொல்வது இதனால்தான். மூன்று வேளையும் கறுப்பு பீன்ஸ், தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டியோடு பேச்சும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு பெரும்பாலும் கணக்கில் வராது. சைவம் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் தெருவெங்கும் வண்ண மரத்தூள் கம்பளங்கள். கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஆனால் அறை வாடகை எகிறும், வகுப்பும் சில நாள் இருக்காது. படிப்புதான் முக்கியம் என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

கொஞ்சம் பேச வந்ததும் ஷேலா என்கிற கெட்சால்தெனாங்கோ நகரத்துக்கு மாறிவிடலாம். குளிர் அதிகம், ஆனால் அங்கே சுற்றுலாக் கூட்டமும் ஆங்கிலமும் குறைவு.