எண்ணில்லாத பிளேஸ்ஹோல்டரா, எண்ணிட்டதா?

ஆண்ட்ராய்டு செயலியின் சரக் கோப்பில் (திரையில் தோன்றும் தொடர்களை வைத்திருக்கும் கோப்பில்), மாறும் மதிப்புகளுக்கு இடம் விடும் பிளேஸ்ஹோல்டரை இரு வகையில் எழுதலாம்: விழுக்காட்டுக் குறியை அடுத்து நேராக வகையெழுத்தை (உரைக்கு s, முழு எண்ணுக்கு d) இடுவது ஒன்று (%s), இடையில் வரிசை எண்ணையும் டாலர் குறியையும் சேர்ப்பது மற்றொன்று (%1$s).

ஒரே மதிப்பு வரும் தொடருக்கு எண்ணில்லாத வடிவமே போதும், படிக்கவும் எளிது. நிரல் அனுப்பியவர், பெறுபவர் என்ற வரிசையில் பெயர்களைத் தரும்போது, 'மீனா அவர்களுக்கு ரவி படம் அனுப்பினார்' என்று பெறுபவரை முன்னிறுத்தி மொழிபெயர்ப்பாளர் எழுதினால், எண்ணில்லாத வடிவம் இருவரையும் இடம் மாற்றிவிடும். முழு எண்ணுக்குரிய இடத்தில் பெயர் வந்து விழுந்தாலோ செயலியே நின்றுபோகும். எண்ணிட்ட வடிவத்தில் 2 முன்னும் 1 பின்னும் வரலாம். ஒரே மதிப்பு இருமுறையும் வரலாம். எண்ணில்லாதவை ஒன்றுக்கு மேல் இருந்தால், நாமாக விலக்குக் கேட்காதவரை, கோப்புகளைச் செயலியாக்கும் ஆண்ட்ராய்டின் தொகுப்புக் கருவி பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. நியாயமான கண்டிப்புதான்.

ஆயினும் வேற்றுமை உருபுச் சிக்கலை எண்ணும் தீர்க்காது. பிளேஸ்ஹோல்டரை ஒட்டி 'க்கு' என்று எழுதினால் 'ரவிக்கு' சரியாக வரும். 'மீனாக்கு', 'குமார்க்கு' என்பவை திரையில் பல்லிளிக்கும். இவ்விடங்களில் 'பெறுபவர்:' என்று தலைப்பிட்டுப் பெயரைத் தனியே நிறுத்துவதையே நான் விரும்புகிறேன்.