நாலு வருஷமா நைட் கார்டு (தூக்கத்துல கடிச்சா பல்லு தேயாம இருக்க மாட்டிக்கற உறை) போட்டுத் தூங்குறேன்: தாடை மூட்டு வலிக்கு எது கேட்டுச்சு, எது கேக்கல

இது காது வலின்னுதான் ஆரம்பிச்சது. வலது காதுக்குள்ள ஒரு மந்தமான குடைச்சல், சில நாள் ஙொய்ன்னு ஒரு சத்தம், கூடவே நெத்திப்பொட்டுல வலி. இஎன்டி டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்துட்டு காது சுத்தமா இருக்குன்னு சொல்லி சொட்டு மருந்து எழுதிக் குடுத்தார் (சுத்தமா இருக்கற காதுக்கு எதுக்குய்யா சொட்டு மருந்துன்னு அன்னைக்குக் கேக்கத் தோணல). பதினஞ்சு நாள் ஊத்தினேன், வலி அசையல. அப்புறம் ஒருநாள் காலைல பல்லு விளக்கப் போறேன், பிரஷ் உள்ள போகல. வாய் தொறக்குது, ஆனா பாதியில டக்குன்னு நிக்குது, கதவுக்குப் பின்னாடி ஏதோ சாமான் சாஞ்சு கெடக்கற மாதிரி. கண்ணாடில பார்த்தா தொறக்கறப்போ தாடை வலது பக்கமா கோணிக்கிட்டுப் போகுது. பயந்துட்டேன்.

இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா கொட்டாவி விட்டா அந்தப் பக்கம் 'டிக்'னு சத்தம் கேக்கும். நான் அதை எல்லாருக்கும் வித்தை மாதிரி பண்ணி வேற காட்டிருக்கேன். அன்னைக்குக் காலைல சத்தம் நின்னுபோச்சு, அதுதான் பிரச்சனையே.

என்ன நடந்துச்சுன்னா, காதுக்கு நேர் முன்னாடி விரலை வச்சு வாயைத் தொறந்து மூடுங்க, உள்ள ஒரு உருண்டை நகரும், அதுதான் தாடை மூட்டு. மத்த மூட்டு மாதிரி கீல்ல மடங்கறதோட நிக்காது, பாதி தொறந்ததும் அப்படியே முன்னாடி வழுக்கிட்டுப் போகும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல சின்னதா ஒரு டிஸ்க் மெத்தை மாதிரி இருக்கு. அது இடம் மாறி முன்னாடி நழுவியிருந்தா, வாய் தொறக்கறப்போ எலும்பு அது மேல ஏறி உக்காரும், அந்த ஏத்தம்தான் டிக் சத்தம். ஏறவே முடியாம டிஸ்க் முன்னாடியே மடிஞ்சு நின்னுட்டா சத்தமும் இல்ல, வாயும் தொறக்காது, லாக் ஆயிடும். ஆனா சத்தம் வர்ற எல்லாருக்கும் லாக் ஆகாது, நிறைய பேருக்கு ஆயுசு முழுக்க டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், வலி இல்லன்னா அதுக்கு வைத்தியமே தேவையில்ல.

அடுத்து போனது ஒரு பல் டாக்டர். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ற கடி சரியில்ல, நாலஞ்சு பல்லை ராவி லெவல் பண்ணிட்டு கிளிப் போடணும்னு சொன்னார். அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலங்கறது நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம். பின்னாடி படிச்சப்போ தெரிஞ்சது, கடிதான் காரணம்ங்கற எண்ணம் ரொம்பப் பழசு, 1934லயே காஸ்டன்னு ஒரு டாக்டர் கடவாய்ப்பல் விழுந்து தாடை அமுங்குறதாலதான் இந்தக் காது வலியெல்லாம் வருதுன்னு எழுதிருக்கார், அவரும் இஎன்டிதான்! இப்ப அதை யாரும் அப்படியே ஏத்துக்கறதில்ல, ஆனா ராவற மெஷின் மட்டும் ஓயல. ராவின பல்லு திரும்ப வராதுங்க.

மூணாவதா பார்த்த டாக்டர்தான் விஷயத்தைப் பிடிச்சார். ஸ்கேனுக்கெல்லாம் முன்னாடி, கன்னத்துல கடிக்கறப்போ புடைக்குமே அந்த சதை, அதுல ஒரு இடத்தைக் கட்டை விரலால அமுக்கிக்கிட்டு எங்க வலிக்குதுன்னு கேட்டார். அவர் அமுக்கறது கன்னத்துல, எனக்கு வலிக்கறது காதுக்குள்ள. அதே குடைச்சல், அச்சு அசல். தாடை, பல்லு, காது, நெத்திப்பொட்டு எல்லாத்துக்கும் ஒரே நரம்புக் கூட்டம்தான், அதனால மூளைக்கு முகவரி குழம்பிடும்னு சொன்னார். அப்புறம் ஸ்கேலை வச்சு மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல அளந்தார், 26 மில்லிமீட்டர். சாதாரணமா 40க்கு மேல இருக்கணும், வீட்லயே பார்க்கணும்னா நம்ம மூணு விரலை அடுக்கி நெட்டுக்குத்தா உள்ள விட்டா போகணும். எம்ஆர்ஐ எடுத்ததுல டிஸ்க் நழுவினது தெரிஞ்சது, சாதா எக்ஸ்ரேல டிஸ்க் தெரியாது, அதுல நார்மல்னு வந்துச்சுன்னு நம்பிட்டு இருக்காதீங்க.

அவர் எழுதிக் குடுத்ததைப் பார்த்து எனக்கு ஏமாத்தமாதான் இருந்துச்சு. கொஞ்ச நாளைக்கு ஐபுப்ரோஃபன், வெதுவெதுன்னு துணி ஒத்தடம் 15-20 நிமிஷம், மெல்லத் தேவையில்லாத சாப்பாடு, சூயிங்கம் கூடவே கூடாது, பிசியோ, ராத்திரிக்கு கார்டு. ஊசி இல்லையா, ஆபரேஷன் இல்லையான்னு கேட்டேன். ரெண்டு மூணு மாசத்துல தொறக்கலன்னா மூட்டுக்குள்ள ஊசி விட்டுத் தண்ணி அடிச்சுக் கழுவறது ஒன்னு இருக்கு, அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்னார். இந்த மூட்டுல அவசரப்பட்டுக் கத்தி வச்ச கதை நல்லா இல்ல, 1980கள்ல டிஸ்க்கை எடுத்துட்டு டெஃப்லான் வச்சுத் தச்சாங்க, அது உள்ளயே தூளாகி எலும்பையே அரிச்சு, 1990ல எஃப்டிஏ (மருந்து, மருத்துவ சாதனங்களைக் கண்காணிக்கற அமெரிக்க அரசு அமைப்பு) எச்சரிக்கை விடற அளவுக்குப் போச்சு.

சரி, கார்டுக்கு வரேன். முதல்ல அவசரத்துக்கு கொதிதண்ணில போட்டுக் கடிச்சு ஷேப் பண்ற சாஃப்ட் டைப் வாங்கினேன், வேஸ்ட். ரப்பர் மாதிரி இருக்கறதால தூக்கத்துல மென்னுக்கிட்டே இருந்திருக்கேன் போல, ரெண்டே மாசத்துல கடவாப் பக்கம் ஓட்டை. அப்புறம் பல்லு அச்செடுத்து செஞ்ச கெட்டி அக்ரிலிக், மேல்பல்லு முழுக்க மூடறது. முதல் வாரம் தலகாணியெல்லாம் எச்சில், ரெண்டு தடவை தூக்கத்துல கழட்டி வீசிட்டு காலைல கட்டிலுக்கு அடியில தேடியிருக்கேன், மூணாவது வாரத்துல பழகிடுச்சு. சுடுதண்ணில கழுவாதீங்க, வளைஞ்சுடும். பல்லு அடைச்சாலோ கேப் போட்டாலோ கார்டை எடுத்துட்டுப் போய் ஃபிட்டிங் பார்த்துக்கோங்க. முன்பல்லை மட்டும் மூடற சின்ன டைப்பை மாசக்கணக்கா போட்டா பல்லு நகர்ந்து கடியே மாறலாம், நான் அதைத் தொடல.

இப்ப நாலு வருஷம் ஆச்சு, கார்டை வெளிச்சத்துல காட்டினா வலது கோரைப்பல் இடத்துல நகத்தை விட்டா மாட்டற அளவுக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் என் பல்லுல விழுந்திருக்க வேண்டியது, அந்த வகையில கார்டு கூலிக்கு வேலை செஞ்சிருக்கு. ஆனா வலியைக் குறைச்சது கார்டான்னு கேட்டா, இல்ல. முதல் அஞ்சு மாசம் தவறாம போட்டும் சாயங்காலமானா வலி வந்துடும். ராத்திரி கடிக்கறதுதான் காரணம்னா வலி காலைலதான வரணும்? 2023ல பிஎம்ஜேங்கற மருத்துவ இதழ்ல வந்த வழிகாட்டியும் நாள்பட்ட வலிக்கு ஸ்ப்ளின்ட்னு சொல்ற இந்த மாதிரி கார்டையும், சதையைத் தளர்த்தற போடாக்ஸ் ஊசியையும் பெருசா சிபாரிசு பண்ணல, பயிற்சி, சதையைக் கையால இளக்கி விடறது, பழக்கத்தை மாத்தற கவுன்சிலிங், இதுக்குதான் ஓட்டு போட்டிருக்கு.

என் வலியோட ஆணிவேர் பகல்ல இருந்துச்சு. பிசியோ சொல்லி போன்ல மணிக்கு ஒரு அலாரம் வச்சேன், அடிக்கறப்போ பல்லு எங்க இருக்குன்னு பார்க்கணும், அவ்வளவுதான். முதல் நாள் பத்துல எட்டு தடவை கடிச்சுக்கிட்டு இருந்தேன். மெயில் டைப் பண்றப்போ, வண்டி ஓட்றப்போ, பாத்திரம் கழுவறப்போ கூட. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோன்னு நம்மளை வளர்த்தாங்க, நான் அதை அட்சரம் பிசகாம செஞ்சிருக்கேன். வாய் சும்மா இருக்கறப்போ உதடு மூடியிருக்கணும், பல்லோட பல்லு படக்கூடாது, இது எனக்கு முப்பத்தி ஆறு வயசு வரைக்கும் தெரியாது. 'என்ன'ன்னு சொல்லிப் பாருங்க, அந்த 'ன்ன'ல நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி ஒரு மேட்டுல நிக்குதுல்ல, அங்கயே நிறுத்தி வச்சா பல்லைக் கடிக்கறது கஷ்டம். நாக்கை அங்க வச்சுக்கிட்டே வாயைத் தொறந்து மூடறதுதான் பயிற்சியும், ஆறு தடவை, ஒரு நாளைக்கு ஆறு வேளை, கண்ணாடி முன்னாடி, தாடை கோணாம.

ஏழு வாரத்துல 26 லிருந்து 38 ஆச்சு. இப்ப 41. டிஸ்க் பழைய இடத்துக்கெல்லாம் போகல, மூட்டு அதில்லாம ஓடப் பழகிடுச்சுன்னு சொல்றாங்க. வேலை நெருக்கடி வந்தா வலியும் வரும், அப்ப ஒத்தடம், திரும்ப அலாரம்.

ஒன்னு மட்டும், தாடை வலி எல்லாமே இது கிடையாது. படி ஏறினா வந்து உக்காந்தா போற தாடை வலின்னா இதயத்தைப் பாருங்க. 50 வயசுக்கு மேல புதுசா நெத்திப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை அசந்துபோறது, பார்வை மங்கறது இதெல்லாம் சேர்ந்து வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க, ரத்தக்குழாய் வீக்கமா இருந்தா கண்ணு போயிடும்.

அப்புறம் போன மாசம் பல்லு கிளீனிங் போனேன், உக்காந்ததுமே சொல்லிட்டேன், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வாய் மூட விடுங்க, லாக் ஆகற கேஸ்னு. அந்தம்மா கடவாய்க்கு நடுவுல ஒரு ரப்பர் கட்டையை வச்சு விட்டாங்க, அது மேல தாடையைச் சாச்சுக்கிட்டா பிடிச்சுத் தொறந்துக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. இப்படி ஒன்னு இருக்குன்னே எனக்கு நாலு வருஷமா யாரும் சொல்லல.